டெட் பொயட்ஸ் சொசைட்டி புளூ-ரே: வாங்கலாமா?

முதலில் வட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு கொடுத்து வாங்குவது அதைத்தானே. 2012இல் வந்த புளூ-ரே இது. 2006இல் ஒரு ஸ்பெஷல் எடிஷன் டிவிடி வந்தது, அது உங்களிடம் இருந்தால் கூடுதல் சமாச்சாரங்களில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, அங்கே இருந்ததை அப்படியே தூக்கி இங்கே வைத்திருக்கிறார்கள், அதுவும் பழைய டிவிடித் தரத்திலேயே. காட்சித் தெளிவு மட்டும்தான் தேறியிருக்கிறது, ஆனால் நன்றாகவே தேறியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். என்னிடம் இருக்கும் வட்டில் தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது, ராபின் வில்லியம்ஸ் பேசும் வேகத்துக்குப் பாதி நகைச்சுவை காதுக்கு எட்டாமலே போய்விடும். ஆன்லைனில் வாங்கினேன், வந்த பெட்டியின் ஓரத்தில் விரிசல், வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் திருப்பி அனுப்பும் வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

படம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. வெளிவந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆகவே முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். 1959ஆம் வருஷம், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வெல்டன் என்று ஒரு விடுதிப் பள்ளி, பையன்கள் மட்டும். பாரம்பரியம், கண்ணியம், ஒழுக்கம், மேன்மை என்று நான்கு தூண்கள் வைத்திருக்கிறார்கள், பையன்களும் அவற்றுக்குப் போட்டியாக நான்கு வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள், கடைசி வார்த்தை கக்கூஸ் சம்பந்தப்பட்டது. அதே பள்ளியில் படித்த ஜான் கீட்டிங் (ராபின் வில்லியம்ஸ்) ஆங்கில ஆசிரியராகத் திரும்பி வருகிறார். பாடப் புத்தகத்தின் முன்னுரையைக் கிழிக்கச் சொல்கிறார், மேசை மேல் ஏறி நிற்கச் சொல்கிறார். அவர் மாணவராக இருந்தபோது நடத்திய ரகசியக் கவிதைக் குழுவைப் பையன்கள் கண்டுபிடித்து, ராத்திரியில் குகைக்குப் போய் அதைத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். நீல் என்ற பையன் நாடகத்தில் நடிக்க ஆசைப்படுகிறான், அப்பா விடமாட்டேன் என்கிறார், அவன் தற்கொலை செய்துகொள்கிறான், பழி ஆசிரியர் மேல் விழுகிறது, வேலை போகிறது. இவ்வளவுதான் கதை.

1989 ஜூனில் அமெரிக்காவில் வெளியானது. இயக்குநர் பீட்டர் வியர், ஆஸ்திரேலியக்காரர். எழுதியது டாம் ஷுல்மன், அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படம், இயக்கம், நடிப்பு என்று இன்னும் மூன்று பரிந்துரைகள், அவை எதுவும் கைகூடவில்லை. ஷுல்மன் நாஷ்வில் நகரத்தில் மான்ட்கோமரி பெல் அகாடமியில் படித்தவர், அங்கே அவருக்குப் பாடம் எடுத்த சாமுவேல் பிக்கரிங் என்ற ஆசிரியரின் சாயல் கீட்டிங்கிடம் உண்டு. முதலில் எழுதிய கதையில் கீட்டிங்குக்குப் புற்றுநோய், சாகப்போகிறவர், அதனால்தான் 'இன்றைக்கே வாழ்ந்துவிடு' என்று பையன்களிடம் சொல்கிறார் என்று வைத்திருந்தாராம். வியர்தான் அதைத் தூக்கச் சொன்னார். என்னைக் கேட்டால் படத்தைக் காப்பாற்றியதே அந்த ஒரு வெட்டுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆசிரியர் படுத்திருந்தால் நாம் அவருக்காக அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம், பையன்களைக் கவனித்திருக்க மாட்டோம்.

இதை எல்லோரும் 'ஊக்கமூட்டும் ஆசிரியர்' படம் என்றே விற்கிறார்கள். வட்டின் அட்டை அப்படி, ஆசிரியர் தினத்துக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களும் அப்படி, மேசை மேல் நிற்கும் பையன்களும் கீழே ஒரு பொன்மொழியும். எனக்கு அந்த விற்பனை பிடிக்கவில்லை. படம் அதைவிட ரொம்பப் புத்திசாலி. ஒரு நல்ல ஆசிரியர் எதுவரைக்கும் வரமுடியும், எந்த இடத்தில் அவர் கை எட்டாமல் போகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது, அதுவும் கொஞ்சம் இரக்கமில்லாமலே காட்டுகிறது. படத்தில் பாதி நேரம்கூட ராபின் வில்லியம்ஸ் திரையில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? போஸ்டரில் அவர் முகம்தான், படத்தில் அவர் வந்து போகிறவர்.

புத்தகம் கிழிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே. எவன்ஸ் பிரிட்சர்ட் என்ற பேராசிரியர் எழுதியதாக ஒரு முன்னுரை (இவர் கற்பனை ஆள்). கவிதை எவ்வளவு செம்மை என்பதைக் கிடைக்கோட்டில் குறி, அதன் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதைச் செங்குத்துக் கோட்டில் குறி, இரண்டையும் பெருக்கினால் கவிதையின் மதிப்பு வந்துவிடும் என்கிறது. ஒரு பையன் வாசிக்க வாசிக்க கீட்டிங் கரும்பலகையில் வரைபடம் போடுகிறார், மற்றவர்களும் சமர்த்தாக நோட்டில் வரைந்துகொள்கிறார்கள். அப்புறம்தான் இது சுத்தக் குப்பை, கிழித்து எறியுங்கள் என்கிறார். எல்லோருக்கும் இந்த இடம் ஞாபகம் இருக்கும். ஆனால் கேமரன் என்ற பையன் எப்படிக் கிழிக்கிறான் என்று பாருங்கள். ஸ்கேலை வைத்து, ஓரம் பிசிறாமல், நேராகக் கிழிக்கிறான். சட்டத்தை மீறு என்று வாத்தியார் சொன்னால் அதையும் சட்டப்படி செய்கிற பையன். ஒரு நொடிதான் வரும், சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம், ஆனால் படத்தின் கேள்வி முழுக்க அந்த ஸ்கேலில் இருக்கிறது. ஒரு பெரியவர் கிழி என்று சொன்னதற்காகக் கிழிப்பது, அதே பெரியவர் கிழிக்காதே என்று சொன்னதற்காகச் சும்மா இருப்பதிலிருந்து எவ்வளவு தூரம்?

இதைக் கேட்கும் ஆள் படத்திலேயே ஒருவர் இருக்கிறார். லத்தீன் வாத்தியார் மக்காலிஸ்டர். வகுப்பில் ஆசிரியரே இல்லை என்று நினைத்துக் கத்திக்கொண்டு உள்ளே வருவார், பார்த்தால் கீட்டிங் கிழித்த தாள்களை வாங்கக் குப்பைக் கூடையோடு நிற்பார். பிறகு சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசிக்கொள்வார்கள். இந்தப் பையன்களைக் கலைஞர்கள் ஆகச் சொல்லி உசுப்பிவிடுகிறாய், நாளைக்கு அவர்கள் ரெம்ப்ராண்டும் ஷேக்ஸ்பியரும் இல்லை என்று தெரியும்போது உன்னை வெறுப்பார்கள் என்கிறார் மக்காலிஸ்டர். கலைஞர்கள் ஆக வேண்டாம், சுயமாக யோசிப்பவர்கள் ஆனால் போதும் என்கிறார் கீட்டிங். பதினேழு வயதிலா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார் மக்காலிஸ்டர். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை, நட்புதான் இருக்கிறது. படத்தின் கடைசியில் இதே மக்காலிஸ்டர் பையன்களை வெளியே பனியில் நடத்திக்கொண்டு போய், அங்கே கண்ணில் படும் கட்டடத்துக்கெல்லாம் லத்தீனில் பெயர் சொல்லிக்கொடுக்கிறார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, இசையும் எழும்புவதில்லை. கீட்டிங் அந்தப் பள்ளியில் மாற்றியது பையன்களை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சின்னத் துண்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

முற்றத்தில் நடக்கச் சொல்லும் வகுப்பும் இதே சங்கதிதான். மூன்று பையன்களைச் சும்மா நடக்கச் சொல்கிறார், சற்று நேரத்தில் மூவரும் தங்களை அறியாமலே ஒரே தாளத்தில் கால் வைக்க ஆரம்பிக்கிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கை தட்டித் தாளம் போட, அது ராணுவ அணிவகுப்பாகவே மாறிவிடுகிறது. உங்கள் நடை உங்களுடையதாக இருக்கட்டும் என்கிறார். எல்லோரும் அவரவர் இஷ்டப்படி கோணல் மாணலாக நடக்கிறார்கள். சார்லி மட்டும் சாய்ந்து நிற்கிறான். ஏன் சேரவில்லை என்றால், நடக்காமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்கிறான். கீட்டிங் சந்தோஷப்படுகிறார். ஆனால் இதே சார்லிதான் பிறகு எல்லை மீறுகிறான், பள்ளிக் கூட்டத்துக்கு நடுவே தொலைபேசியை அடிக்கவைத்து, கடவுள் பேசுகிறார், வெல்டனில் பெண்களைச் சேர்க்கச் சொல்கிறார் என்று தலைமையாசிரியர் நோலனிடம் நீட்டுகிறான். பலகையால் பின்புறத்தில் அடி விழுகிறது. கீட்டிங் மெச்சுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனிடம் அவர் வந்து, துணிச்சலுக்கு ஒரு நேரம் உண்டு, அடக்கி வாசிக்க ஒரு நேரம் உண்டு, எது எப்போது என்று தெரிந்தவன்தான் அறிவாளி என்று சொல்லிவிட்டுப் போகிறார். பொன்மொழிப் படங்களில் இந்த வசனத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

(படம் எடுத்தது டெலவேர் மாநிலத்தில் மிடில்டவுன் ஊரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில். படப்பிடிப்பு நடந்த காலத்தில் அங்கே பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடவுள் யாருக்கு போன் போட்டாரோ தெரியவில்லை.)

கீட்டிங் உண்மையிலேயே பெரிய வாத்தியாராகத் தெரியும் இடம் எனக்கு ஒன்றுதான், டாட் என்ற பையன் கவிதை சொல்லும் காட்சி. ஈதன் ஹாக் அப்போது சின்னப் பையன், வாயைத் திறந்தாலே வியர்த்துவிடும் பாத்திரம். வீட்டுப்பாடமாகக் கவிதை எழுதவில்லை என்று நிற்கிறான் (எழுதினான், கிழித்துப் போட்டுவிட்டான், அது நமக்குத் தெரியும்). கீட்டிங் அவனை முன்னால் இழுத்து வந்து, சுவரில் மாட்டியிருக்கும் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் படத்தைக் காட்டி, இந்த ஆளைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டு, யோசிக்க நேரமே கொடுக்காமல் துரத்துகிறார். கண்ணைக் கையால் மூடிவிடுகிறார், இருவரும் சுற்றுகிறார்கள், கேமராவும் அவர்களைச் சுற்றுகிறது. பையன் வாயிலிருந்து வியர்த்த பல்லோடு ஒரு பைத்தியக்காரன் வருகிறான், பிறகு உண்மை என்பது எவ்வளவு இழுத்தாலும் காலை மூடாத போர்வை என்று வருகிறது. வகுப்பில் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது. இங்கே பொன்மொழி இல்லை, மேசை மேல் ஏறுவது இல்லை. ஒரு பையனுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்து, அதை எடுக்க எவ்வளவு முரட்டுத்தனம் தேவை, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆளின் வேலை இது. வாத்தியார் தொழிலில் இருப்பவர்கள் வட்டை வாங்க இந்த ஒரு காட்சி போதும்.

ராபின் வில்லியம்ஸ் நடிப்பைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு நான்குக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார், சில இடங்களில் வாத்தியார் காணாமல் போய் மேடை நகைச்சுவைக்காரர் வந்துவிடுகிறார் என்பது அவர் குறைகளில் ஒன்று. மார்லன் பிராண்டோ குரலிலும் ஜான் வெய்ன் குரலிலும் ஷேக்ஸ்பியர் சொல்லும் இடத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் மற்ற இடங்களில் வில்லியம்ஸ் எவ்வளவு அடங்கியிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். கோப்பைகள் வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால், பழைய மாணவர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர்கள் எல்லோரும் இப்போது மண்ணுக்கு உரம் என்று சொல்லிவிட்டு, பையன்களின் பின்னால் குனிந்து கிசுகிசுப்பார் பாருங்கள், அந்தக் குரலில் பாதி விளையாட்டு, பாதி பயம்.

சரி, அப்பாவுக்கு வருவோம். எனக்கு இது அப்பாக்களின் படம்.

குர்ட்வுட் ஸ்மித் நடித்திருக்கும் பெர்ரி, நீலின் அப்பா. ஆரம்பத்திலேயே விடுதி அறைக்கு வந்து, பள்ளி ஆண்டு மலர் வேலையை விட்டுவிடு என்கிறார். நீல் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிடுகிறான், வெளியே கூப்பிட்டு, மற்றவர்கள் முன்னால் என்னை எதிர்த்துப் பேசாதே, மருத்துவப் படிப்பை முடி, சொந்தக் காலில் நில், அப்புறம் உன் இஷ்டம் என்கிறார். நம் ஊரில் எத்தனை வீட்டில், எத்தனை விடுதிப் பள்ளி வாசலில் இதே வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியில் தங்கி பிளஸ் டூ முடித்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை. தனக்குக் கிடைக்காத வாய்ப்பு மகனுக்குக் கிடைத்திருக்கிறது, அதை அவன் வீணடித்துவிடக் கூடாது என்று நடுங்குகிறவர். ராத்திரி படுக்கப்போகும் முன் தன் செருப்பு இரண்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நேராக்கி வைப்பார். அந்த ஒரு அசைவில் ஆளே தெரிந்துவிடுகிறார்.

டாடின் பெற்றோரை நாம் அதிகம் பார்ப்பதுகூட இல்லை. அவன் பிறந்த நாளுக்கு ஒரு எழுதுமேசைச் செட் அனுப்புகிறார்கள், போன வருஷம் அனுப்பிய அதே செட். ராத்திரியில் வெளியே தனியாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீல் வந்து, இதற்கு இறக்கை இருக்கும்போல, பறக்கத் துடிக்கிறதே என்கிறான். இருவரும் சேர்ந்து வீசிவிடுகிறார்கள், காகிதம் பறக்கிறது, பேனா பறக்கிறது. கவலைப்படாதே, அடுத்த வருஷமும் இதே வரும் என்கிறான் நீல். படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது, அடுத்த வருஷம் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்து மறுபடி பார்க்கும்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.

கீட்டிங்கின் கை எட்டாமல் போகும் இடம் நாடகத்துக்கு முன்னால் வருகிறது. நீல் ராத்திரி அவர் அறைக்கு வந்து, அப்பா நடிக்கக் கூடாது என்கிறார் என்று சொல்கிறான். என்னிடம் சொன்னதை அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்கிறார். சொல்ல முடியாது என்கிறான். போய்ப் பேசு என்கிறார். நல்ல அறிவுரைதான், எந்தப் புத்தகத்திலும் அதுதான் எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பையனுக்கு அந்த அப்பாவிடம் பேசும் வாயே இல்லை என்பதுதானே பிரச்சினை, அதைக் கீட்டிங் புரிந்துகொள்ளவில்லை. மறுநாள் நீல் வந்து, பேசிவிட்டேன், நடிக்கச் சம்மதித்துவிட்டார் என்று பொய் சொல்கிறான். கீட்டிங் முகத்தில் ஒரு நொடி சந்தேகம் வருகிறது, சிரித்து ஒதுக்கிவிடுகிறார். அந்த ஒரு நொடிக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. வகுப்பில் டாட் சொன்ன பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவர், இங்கே மட்டும் ஏன் விட்டார்? நம்ப ஆசைப்பட்டார், அதனால்தான்.

நாடகம் முடிந்ததும் வாசலில் நடப்பதைப் பாருங்கள். நீல் அன்றைக்குப் பிரமாதமாக நடித்திருக்கிறான், ஊரே கைதட்டுகிறது, அப்பா பின்னால் நிற்கிறார். பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து காரில் ஏற்றுகிறார். கீட்டிங் ஓடிவந்து, உனக்கு வரம் இருக்கிறது என்கிறார், பெர்ரி அவரைத் தள்ளி, என் மகனிடம் நெருங்காதே என்கிறார். கார் போய்விடுகிறது. அவ்வளவு பெரிய ஆசிரியர் அந்தக் குளிரில் நடைபாதையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். வீட்டில் அப்பா முடிவைச் சொல்லிவிடுகிறார், நாளைக்கே ராணுவப் பள்ளி, பிறகு ஹார்வர்ட், பிறகு டாக்டர். அது இன்னும் பத்து வருஷம் என்கிறான் நீல். உன் மனதில் என்ன இருக்கிறது, சொல் என்று அப்பா கேட்கும் அந்த நேரத்தில்கூட, ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறான்.

அதற்குப் பிறகு வருவதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. துப்பாக்கி வெடிப்பதை வியர் காட்டுவதில்லை, அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தக் காட்சியை ரொம்ப அழகாக எடுத்திருக்கிறார், நிலா வெளிச்சம், ஜன்னல், நாடகத்தில் அணிந்த குச்சிக் கிரீடம், மெதுவான அசைவுகள். ஒரு பையனின் தற்கொலையைச் சடங்கு மாதிரி இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்பது நியாயமான கேள்வி, என் பதில் கூடாது என்பதுதான். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் கூடவே உட்காருங்கள், முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

கேமரனை எல்லோரும் துரோகி என்று திட்டுவார்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்தவன்தான் நிர்வாகத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஆனால் அவன் சொல்லும் ஒரு விஷயத்துக்குப் படத்தில் யாரிடமும் பதில் இல்லை. கீட்டிங் வராமல் இருந்திருந்தால் நீல் இந்நேரம் அறையில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டு, டாக்டர் என்று கூப்பிடப்போவதைக் கனவு கண்டுகொண்டிருப்பான் என்கிறான். சார்லி பதில் பேசாமல் மூக்கில் குத்துகிறான். படம் சார்லி பக்கம்தான், நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் கேள்வி அங்கேயே கிடக்கிறது.

கடைசிக் காட்சியை எத்தனை பேர் எத்தனை மேடையில் செய்து காட்டியாகிவிட்டது. 2014 ஆகஸ்டில் ராபின் வில்லியம்ஸ் இறந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜிம்மி ஃபாலன் தன் மேசை மேல் ஏறி நின்று அஞ்சலி செலுத்தினார். படத்தில் அந்தக் காட்சி நடப்பது எப்படி என்றால், நோலனே வகுப்பெடுக்க வந்து, அதே பிரிட்சர்ட் முன்னுரையை வாசிக்கச் சொல்லி, அது கிழிக்கப்பட்டிருப்பது தெரிந்து, தன் புத்தகத்தையே கேமரனிடம் கொடுக்கிறார். பழைய வாசிப்பு ஓட ஆரம்பிக்கிறது. கீட்டிங் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகிறார். டாட்தான் முதலில் மேசை மேல் ஏறுகிறான், படம் முழுக்க வாய் திறக்காத பையன். ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஏறுவதில்லை! வகுப்பில் ஒரு பெரிய கூட்டம் தலையைக் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காட்சியைச் சாதாரண இயக்குநர் எடுத்திருந்தால் மொத்த வகுப்பும் ஏறியிருக்கும். மறுநாளிலிருந்து அந்தப் பள்ளியில் நோலன்தான், கீட்டிங் வரப்போவதில்லை, ஏறியவர்கள் கதி என்ன என்று படம் சொல்வதும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கவிதையைக் காப்பாற்ற வந்த படம் கவிதைகளைக் கையாளும் விதம் கொஞ்சம் அநியாயம். ராபர்ட் ஃபிராஸ்டின் இரண்டு பாதைக் கவிதையிலிருந்து கடைசி வரிகளை மட்டும் எடுத்து, யாரும் போகாத வழியில் போ என்று கீட்டிங் அர்த்தம் சொல்கிறார். கவிதையை முழுசாகப் படித்தால் இரண்டு பாதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்தன என்று ஃபிராஸ்டே நடுவில் சொல்லிவிடுகிறார், பின்னாளில் அதைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்லப்போகும் தன்னையே அவர் கிண்டல் செய்கிறார். பையன்கள் கீட்டிங்கைக் 'கேப்டன்' என்று கூப்பிடுவது விட்மனின் ஒரு கவிதையிலிருந்து வந்தது, அதன் கதியும் அப்படித்தான், 1865இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது எழுதிய இரங்கல் பாட்டு அது, அதில் கேப்டன் கப்பல் தளத்தில் செத்துக் கிடக்கிறார். இதை வகுப்பில் ஒரு முறையாவது முழுசாக வாசித்திருக்கலாம். பிரிட்சர்ட் கவிதையை வரைபடமாக்கினார், கீட்டிங் அதைக் கோஷமாக்கிவிட்டார், கவிதை பாவம் இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டது.

பெண்கள் விஷயமும் பலவீனம். நாக்ஸ் என்ற பையனின் காதல் கதை இருக்கிறதே, விருந்தில் போதையில் மயங்கிக் கிடக்கும் பெண்ணின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி அவள் பள்ளி வகுப்புக்கே போய் எல்லோர் முன்னாலும் கவிதை வாசிப்பான், படம் அதைத் துணிச்சல் என்று கொண்டாடுகிறது. இன்றைக்குப் பார்த்தால் நெளிய வைக்கிறது. ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்தாலும் ஒன்றும் குறையாது, அவன் சைக்கிளில் மலைச்சரிவில் இறங்கிப் பறவைக் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு போகும் அந்த ஷாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அதற்குக் காரணம் ஜான் சீல், ஒளிப்பதிவாளர். புளூ-ரேக்குக் கொடுத்த காசு இங்கேதான் வசூலாகிறது. பழைய டிவிடியில் இலையுதிர்காலம் ஒரே பழுப்புக் குழம்பாகத் தெரியும், இதில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்கிறது. ஆரம்பத்தில் வயலிலிருந்து ஆயிரக்கணக்கில் பறவைகள் ஒரே கூச்சலாகக் கிளம்பும், உடனே வெட்டி, பள்ளிப் படிக்கட்டில் பையன்கள் அதே கூச்சலோடு இறங்குவதைக் காட்டுவார்கள், இந்த இரண்டையும் நல்ல திரையில், நல்ல ஸ்பீக்கரில் பார்க்கக் கேட்க வேண்டும். குகைக் காட்சிகளில் இருட்டு கொஞ்சம் கூடத்தான், ஆனால் அது எடுத்ததே அப்படி, வட்டின் குறை இல்லை. மோரிஸ் ஜார் இசை அமைத்திருக்கிறார், நம் ஆட்கள் அவரை 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் பாலைவனப் பிரம்மாண்டத்துக்காக நினைவு வைத்திருப்பார்கள், இங்கே ரொம்பச் சிக்கனமாக வாசித்திருக்கிறார்.

கூடுதல் சமாச்சாரங்களில் நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, ஆலன் ஸ்ப்லெட் என்ற ஒலி வடிவமைப்பாளரைப் பற்றிய துண்டு. டேவிட் லிஞ்சின் ஆரம்பகாலப் படங்களுக்கு ஒலி செய்தவர், 1994இல் காலமானார். அதைப் பார்த்துவிட்டுப் படத்தைத் திரும்பப் போட்டால், அந்தக் கட்டடத்தின் காற்றும் மரத்தரையின் முனகலும் காதில் விழ ஆரம்பிக்கும், அதுவரை அவை இருந்ததே தெரிந்திருக்காது. இன்னொன்று, வியர், ஷுல்மன், சீல் மூவரின் குரலும் வரும் கமென்டரி. ஜான் சீல் ஒளியமைப்பு சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றும் உண்டு, கேமரா பைத்தியங்களுக்கு ஓகே, மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். நடித்தவர்கள் வளர்ந்து ஆளான பிறகு உட்கார்ந்து பழங்கதை பேசும் ஆவணப்படம் அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது, ஒருவரையொருவர் புகழ்வதைக் கழித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் முடியும். வெட்டப்பட்ட காட்சிகள் என்று கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள், வெட்டியது சரி என்பதற்கு மட்டும் அவை சாட்சி.

2006 டிவிடி இருக்கிறது, டிவியும் சின்னதுதான் என்றால் இதை வாங்க வேண்டாம். இரண்டும் இல்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆசிரியர் தினத்துக்கு யாருக்காவது பரிசாகக் கொடுக்க யோசிக்கிறீர்கள் என்றால், ஆசிரியருக்குக் கொடுப்பதைவிட பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற ஏதாவது ஒரு அப்பாவுக்குக் கொடுங்கள், தேர்வு வரும்வரை காத்திருக்காமல் ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.